கால்கட்டு யார் காலுக்கு?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பையன் எந்த வேலையிலும் நிலைக்கவில்லையா, குடிக்கிறானா, வீட்டுக்கு வருவதும் போவதும் அவன் இஷ்டமா? அதற்கு நாங்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கிற எல்லா லயத்திலும் ஒரே மருந்துதான் வைத்திருக்கிறார்கள். "ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிருவான்." கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான் என்று அர்த்தம். நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். போன மழைக்காலத்தில்தான் அந்தச் சொல்லை நிறுத்திவைத்து, மேலும் கீழும் பார்த்தேன். பார்த்ததிலிருந்து எனக்குக் கோபம் அடங்கவில்லை.

கால்கட்டு என்றால் என்ன? எங்கள் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்க்கிறார்கள். பால் கறக்கும்போது உதைக்கிற மாட்டுக்குப் பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். கறந்து முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். எந்த மாடு உதைக்கிறதோ அந்த மாட்டைத்தான் கட்டுவார்கள். பக்கத்து மாட்டின் காலைக் கட்டிவிட்டு, இனி இந்த மாடு உதைக்காது என்று சொன்ன மனுஷரை நான் பார்த்ததில்லை. கல்யாணத்தில் மட்டும் உதைக்கிறவன் ஒருத்தன், கட்டுப்படுகிறவள் இன்னொருத்தி. அவன் காலில் கட்டிய கயிறு கொழும்புவரைக்கும் நீளும். அவள் காலில் கட்டியது லயத்து ஒற்றை அறையான காம்பராவின் வாசலைத் தாண்டாது.

நான் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். போர்டில் வேறு ஏதோ பெரிய பெயர் எழுதியிருக்கிறார்கள்; தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம், எல்லோர் வாயிலும் அது பிள்ளை மடுவம்தான், நான் ஆயாம்மாதான். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள். மீதிப் படிப்பெல்லாம் காதால் படித்தது. காலையில் பிள்ளையை இறக்கிவிடும்போது ஒரு பேச்சு, பால் கொடுக்க ஓடிவரும்போது ஒரு பேச்சு, சாயங்காலம் தூக்கிப்போகும்போது ஒரு பேச்சு. ஒருத்தி புருஷனைத் திட்டுகிற அழகைக் கேட்டால் இன்னொருத்திக்குச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் இந்தப் பேச்சில் பாதி நம் மலைக்குப் பொருந்தாது என்பதை யாரும் கவனிப்பதில்லை. இந்தியாவிலிருந்து நம் பாட்டன் பூட்டனைக் கூட்டிவந்த காலத்தில் சட்டி பானையோடு சொற்களையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்தார்கள் போல. எல்லாம் வெயில் ஊர்ச் சொற்கள். கண் குளிரப் பார்த்தேன் என்கிறோம். காது குளிரக் கேட்டேன் என்கிறோம். மனசு குளிர்ந்துபோச்சு, வயிறு குளிர்ந்துபோச்சு! மார்கழி விடியலில் கொழுந்துச் செடியில் பனி வெள்ளையாக உறைந்து கிடக்க, விரல் மடங்காமல் நிற்கிறவளிடம் போய், உன் காது குளிரட்டும் என்று வாழ்த்தினால் அடிக்கத்தான் வருவாள். குளிருக்குப் பயந்து காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு நிற்கிறவள் அவள். துரையைப் புகழ்கிறவனை ஐஸ் வைக்கிறான் என்கிறோம். நுவரெலியாக் குளிரில் ஒருத்தர் தலையில் ஐஸ் வைத்தால் அவர் சந்தோஷப்பட்டுக் காரியம் செய்து கொடுப்பாரா, இருமிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாரா? ஏமாற்றுகிறவன் நமக்குத் தண்ணி காட்டுகிறானாம். எங்கள் லயத்துக் குழாயில் தண்ணீர் வராத நாளில் யாராவது வந்து தண்ணீர் காட்டினால் அவரைக் கும்பிடுவோம்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கலாம். எந்த நஷ்டமும் இல்லை. ஒரு சொல் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கை வைக்கும்போதுதான் சிரிப்பு நின்றுபோகிறது.

தோட்டத்தின் கீழ் டிவிசனில் என்னோடு ஒன்றாக வளர்ந்த ஒருத்தி இருக்கிறாள். தன் மகளின் குழந்தையை அவள்தான் தினமும் காலையில் என்னிடம் கொண்டுவந்து விடுவாள். அன்று குழந்தையை இறக்கிவிட்டும் போகாமல் நின்றாள்.

"என்னடி, மகன் கொழும்புல இருந்து வந்துட்டானாமே?" என்று கேட்டேன்.

"வந்துட்டான்க்கா. மொதலாளி சரியில்லையாம்."

"போன தரமும் மொதலாளிதானடி சரியில்ல."

"கொழும்புல ஒரு மொதலாளியும் சரியில்லக்கா, நான் என்ன செய்ய? வந்ததுல இருந்து கூட்டாளிங்களோட டவுன்லதான் கெடக்கான். வீட்டுக்கு வரும்போதே நாத்தம். நானும் யோசிச்சுட்டேன். ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிருவான்."

"போடு, போடு. கயிறு வாங்கிட்டியா?" என்று சிரித்தேன்.

"கயிறு ஒங்க வீட்டுலதான்க்கா இருக்கு. ஒங்க அண்ணன் மகளத்தான் கேக்கலாம்னு."

என் சிரிப்பு பாதியில் நின்றது. என் அண்ணன் மகள், நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள், ஒரு கயிறு!

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துக்கு வருகிற மருத்துவிச்சி அம்மா நல்ல மனுஷி. ஆனால் சிங்களம் மட்டும்தான் தெரியும். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று கையால் காட்டுவார்கள். குத்துகிறதா, இழுக்கிறதா, சுளீரென்று வெட்டுகிறதா என்று கை எப்படிச் சொல்லும்? அண்ணன் மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அந்த அம்மாவோடு லயம் லயமாகப் போய் இவர்கள் சொல்வதை அவருக்கும், அவர் சொல்வதை இவர்களுக்கும் சொல்லிக்கொடுப்பாள். அப்படியே அவளுக்கு அந்த வேலையில் ஆசை விழுந்தது. நேர்முகத்துக்குப் போனாள். மருத்துவிச்சிப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறோம் என்று அழைப்பும் வந்துவிட்டது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். கல்யாணம் கட்டிக் கீழ் டிவிசனுக்குப் போனால் அவன் அம்மா விடுதிக்கு அனுப்புவாளா? அனுப்ப மாட்டாள். மகனைத் திருத்துவதற்குத்தானே மருமகளைத் தேடுகிறாள்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. அண்ணன் அடுப்பங்கரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தெரிஞ்ச குடும்பம். முறையும் சரியா வருது. வேணாம்னு சொல்ல என்ன காரணம் இருக்கு?"

"பயிற்சி இருக்குல்ல, அண்ணே?"

"வயசுப் புள்ளைய எங்கயோ விடுதியில விட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

இந்த நாலு பேரை நான் பிறந்ததிலிருந்து தேடுகிறேன். எங்கள் லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவருகிறவர்கள், கூரைத் தகரம் பறந்தால் ஏறிப் பிடிக்கிறவர்கள், சந்தோஷமாகச் சண்டை போடுகிறவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அந்த நாலு பேர் மட்டும் எந்தக் காம்பராவில் இருக்கிறார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஒருநாளும் வந்து அடுப்பு மூட்டித் தராத நாலு பேருக்குப் பயந்து நம் வீட்டு அடுப்பை நாமே அணைக்கிறோம்.

"எந்த நாலு பேருண்ணே? பேரச் சொல்லுங்க, நானே போயி கேட்டுட்டு வாறேன்."

"ஒனக்கு எல்லாம் வெளையாட்டு," என்றார் அண்ணன்.

அண்ணி ரொட்டி தட்டிக்கொண்டே, "நான் இந்த மனுசனோட இவ்வளவு காலம் குப்ப கொட்டிட்டேன். எனக்கு மட்டும் யாரு என்ன கேட்டாங்க?" என்றாள். யாருக்குப் பரிந்து பேசுகிறாள் என்று விளங்கவில்லை. ஒரு மனுஷனோடு வாழ்ந்ததைக் குப்பை கொட்டினேன் என்று சொல்கிற அந்த ஒரு சொல்லில் மட்டும் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

பெண் மூலையில் உட்கார்ந்திருந்தாள். "அத்தே, வந்து பாக்கட்டும். பாத்தா என்ன? நான் மாட்டேன்னுதான் சொல்லுவேன்," என்றாள் மெதுவாக.

"சும்மா பாத்துட்டுப் போகட்டும். பேச்சு முடியாம கை நனைக்க மாட்டாங்கல்ல," என்று அண்ணன் முடித்துவிட்டார்.

இது எங்களிடம் இருக்கிற வழக்கம். பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் சொல்லாதவரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது, இரண்டு வீடும் ஒரு வீடு. அதைத்தான் கை நனைக்கிறது என்கிறோம். தேத்தண்ணீர் அதில் சேராது. தேத்தண்ணீரும் சேரும் என்றால் இந்த மலையில் எல்லோரும் எல்லோருக்கும் சம்பந்தி ஆகியிருப்போம்.

அவர்கள் வந்த நாளில் மழை ஊற்றியது. மேலே வருகிற பாதையில் மண் சரிந்திருந்ததால் வேனைக் கீழே ஆற்றுப் பாலத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து ஏறினார்கள். தாய், மகன், மகனின் தாய்மாமன். குடை இருந்தும் பயனில்லை. எங்கள் ஊர் மழை பக்கவாட்டில் அடிக்கும். உள்ளே வந்தபோது தாய்மாமனின் தாடை தடதடவென்று ஆடியது. உட்கார வைத்து, தலை துவட்டத் துவாய் கொடுத்து, அண்ணி இஞ்சி தட்டிப்போட்ட வெறும் தேத்தண்ணீரும், நக்கிக்கொண்டே குடிக்க உள்ளங்கையில் சீனியும் கொடுத்தாள். அவர் கை நடுங்கிச் சீனி பாதி தரையில் கொட்டியது. அண்ணிக்கு மனசு தாங்கவில்லை. அடுப்பில் கிடந்த தேங்காய் ரொட்டியை எடுத்து, மேலே மிளகாய் இடித்த கட்டச்சம்பலை வைத்து, "சூட்டோட இத கடிச்சுக்கங்கண்ணே, நடுக்கம் நிக்கும்," என்று நீட்டினாள். அவர் வாங்கித் தின்றார். இன்னொன்றும் வாங்கினார். ஆசையாகத் தின்றார், பாவம்.

அவர் இரண்டாவது ரொட்டியை முடிக்கும்வரை அந்தத் தாய் பொறுத்திருந்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக, "அப்பறம் என்ன சம்பந்தி! எங்க அண்ணன் கை நனைச்சாச்சு. தேதியப் பாத்துரலாம்," என்றாள்.

அண்ணியின் கையில் தட்டு அப்படியே நின்றது.

"என்னடி சொல்ற?" என்று நான் எழுந்துவிட்டேன். "குளிருக்கு ஒரு ரொட்டி குடுத்தா அது கை நனைக்கிறதா? சோறா போட்டோம்? எலையா விரிச்சோம்?"

"ஏன்க்கா, நமக்கு ரொட்டி சாப்பாடு இல்லையா? காலையில என்னத்த தின்னுட்டு மலைக்குப் போறோம்? மத்தியானத்துக்கு என்னத்த கட்டிட்டுப் போறோம்? ரொட்டி தின்னுட்டு நாள் பூரா கொழுந்தெடுக்குறோம், அப்ப அது சாப்பாடு. எங்க அண்ணன் தின்னா மட்டும் சாப்பாடு இல்லையா?"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. சோறு தின்கிற ஊரில் கட்டிய வழக்கத்தை ரொட்டி தின்கிற மலையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். இப்படி ஒருநாள் மாட்டிக்கொள்வோம் என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. அண்ணி சோற்றுப் பானையைத்தான் மூடிவைத்திருந்தாள். ரொட்டியை மறந்துவிட்டாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கம் என்று வந்தால் அவருக்குப் பேச்சு வராது. தாய்மாமன் வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார். மாப்பிள்ளைப் பையன் காலில் நனைந்த சப்பாத்தைக் கழற்றாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இன்னும் தேத்தண்ணீரைக்கூடத் தொடவில்லை.

"பயப்படாதீங்கண்ணே," என்று அவள் என் அண்ணனிடம் குழைந்தாள். "ஒங்க பொண்ண நாங்க கண்ணுக்குள்ள வச்சு பாத்துக்குவோம்."

கண்ணுக்குள் வைத்தா? கண்ணுக்குள் ஒரு தூசி விழுந்தால் என்ன செய்கிறோம்? அது வெளியே வருகிறவரைக்கும் தேய்க்கிறோம், ஊதுகிறோம், தண்ணீர் அடிக்கிறோம். உலகத்தில் எதையும் வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது கண். இதை நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"ஐயோ அக்கா, சரி, தலையில தூக்கி வச்சுக்குவோம். போதுமா?"

"தலையில கொழுந்துக் கூடைய மாட்டிட்டுப் போறவ தானடி நீயும்? தராசுல கொழுந்து நெறுக்குற எடத்துல அத என்ன செய்ற? பொத்துனு எறக்கிப் போடுற. கழுத்து வலிக்குதுன்னு அதையும் திட்டுற."

தாய்மாமன் சிரித்துவிட்டார். தங்கை முறைத்ததும் இருமிக்கொண்டார்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்க வாய்க்கு யாரு பதில் சொல்றது! என் மகன் கெட்டவன் இல்ல. அவனுக்கு ஒரு ஆள் இல்ல, அவ்வளவுதான். பொண்ணு இருந்தா சரியாயிருவான்."

அப்போதுதான் பெண் வெளியே வந்தாள். புதுச் சேலைகூடக் கட்டவில்லை. வாசலோரம் நின்றுகொண்டு சாதாரணமாகக் கேட்டாள். "சரியாகலன்னா?"

"என்னம்மா?"

"நான் வந்தும் அவங்க சரியாகலன்னா என்ன செய்வீங்க?"

அந்தத் தாய் யோசிக்கவே இல்லை. காலங்காலமாகத் தயாராக இருந்த பதில் அது. "அது வர்ற பொண்ணோட சாமர்த்தியம்."

அண்ணன் தலை நிமிர்ந்தது. நான் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, இது விழுந்தது. பெற்று இருபத்தைந்து வருஷம் வளர்த்தவள் திருத்த முடியாதவனை, வந்து ஏறுகிற பெண் திருத்த வேண்டும். திருந்தாவிட்டால் பழி அவளுக்கு. அவர் கையிலிருந்த கோப்பையைத் தரையில் வைத்தார்.

"அப்ப வேணாங்க," என்றார்.

"என்னங்க சொல்றீங்க? கை நனைச்ச பெறகா?"

"மழையில வந்த மனுசனுக்கு ரொட்டி குடுத்தது எங்க கடமை. இன்னும் வேணும்னா இன்னும் தாறோம். பொண்ண தாறேன்னு நான் வாயத் தொறந்து சொல்லல. சொல்லவும் மாட்டேன். அவ படிக்கப் போறா."

என் அண்ணன் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பையன் முதல் ஆளாக எழுந்தான். அவன் முகத்தில் எனக்குத் தெரிந்தது வருத்தம் இல்லை. உதைக்கவும் முடியாமல் கட்டுப்படவும் முடியாமல் இருந்தவன் அவன். போகும்போது பெண்ணைப் பார்த்து, "நல்லா படிங்க," என்றான். அதற்கும் அவன் அம்மா அவனைத் திட்டிக்கொண்டே மழையில் இறங்கினாள்.

பிறகு தோட்டம் முழுக்க ஒரு வாரம் அதே பேச்சு. கை நனைத்த வீட்டில் மூக்கை அறுத்துவிட்டோமாம். எல்லோர் மூக்கும் இருந்த இடத்தில்தான் இருந்தது, நான் பார்த்தேன். அண்ணி மட்டும் ரொட்டி தட்டும்போதெல்லாம் கண்ணைத் துடைத்தாள். "நான்தான் மானத்தக் கெடுத்துட்டேன்," என்றாள். குளிரில் நடுங்கினவருக்குச் சூடாக ஒரு ரொட்டி கொடுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்தவர் மகளைத் தன் மகனுக்கு மருந்தாகக் கேட்டவள் தலை நிமிர்ந்து திரிகிறாள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

அவளும் சில நாள் குழந்தையை என்னிடம் கொண்டுவரவில்லை. பிறகு கொண்டுவந்தாள், கொழுந்துக்குப் போகாமல் எத்தனை நாள் இருப்பது? குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

"காய்ச்சலா இருந்துச்சு. தண்ணியில வெளையாட விடாதீங்க," என்றாள்.

"சரிடி. தேத்தண்ணி இருக்கு, குடிச்சிட்டுப் போ."

குடித்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளையும் இப்படி ஒருத்தனுக்குக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். அவன் சரியாகவில்லை. அது அவள் சாமர்த்தியக் குறைவு என்று அவளுக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். கோபமெல்லாம் அந்தச் சொல்மேல்தான். யார் சொன்னது என்று கேட்டால் ஆளைக் காட்டாது. எல்லோர் வாயிலும் இருக்கும்.

பெண் புறப்பட்ட அன்று விடியும்போதே பெட்டியோடு ரோட்டுக்கு இறங்கினோம். அக்கரப்பத்தனையிலிருந்து வருகிற ஹட்டன் பஸ் ஏற்கெனவே நிறைந்து வந்தது. அண்ணன் பெட்டியை ஏற்றினார். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன," என்று சிங்களத்தில் முன்னால் போகச் சொல்லி ஆட்களைத் தள்ளினான். அவள் இரண்டு மூட்டைகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாகக் கை காட்டக்கூட இடமில்லாமல் நின்றாள். அண்ணி அழுதாள். பஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி, மலைக்குப் போகிற வழியில் எங்கள் பக்கத்தில் நின்றவள், பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "ம்ம்… ரெக்க மொளச்சிருச்சு, பறந்துட்டா."

"எங்கடி பறந்தா?" என்றேன். "நீதான் பாத்தியே. பெட்டியத் தூக்கிட்டு எறங்கி வந்தா, டிக்கெட்டு எடுத்தா, ஹட்டன் வரைக்கும் நின்னுட்டேதான் போகப் போறா. படிச்சு முடிச்சிட்டு இதே ரோட்டுல ஏறி வருவா. அன்னைக்கு ஒன் மருமவளுக்கு எங்க வலிக்குதுன்னு தமிழ்லயே கேப்பா."

அவள் மருமகள் மாசமாக இருக்கிறாள்; இப்போதைக்கு மருத்துவிச்சி அம்மாவிடம் கையால்தான் வலியைக் காட்டுகிறாள். மாமியார்க்காரி கூடையைச் சரிசெய்துகொண்டு மலைக்கு ஏறினாள்.